ரைடிங் ஜாக்கெட்டைத் துவைக்கப் போகிறீர்களா? முதலில் இதெல்லாம் தெரியுமா?

உங்கள் பைக் ஜாக்கெட்டைக் கடைசியாக எப்போது துவைத்தீர்கள்? யோசிக்கிறீர்களா? யோசிக்க வேண்டியிருந்தாலே பதில் தெரிந்துவிட்டது! ஒரு நாள் போட்ட சட்டையை அன்று சாயங்காலமே அழுக்குக் கூடையில் போடுகிறோம். மழை, வெயில், லாரிப் புகை, சேறு, பூச்சி எல்லாவற்றையும் நெஞ்சில் வாங்குகிற ஜாக்கெட்டை மட்டும் வருஷக்கணக்கில் ஆணியில் மாட்டி வைக்கிறோம்!

சரி, இந்த வாரம் துவைத்தே தீர்வது என்று வாளியை எடுத்துவிட்டீர்களா? ஒரு நிமிஷம்! அந்த ஜாக்கெட்டுக்குள் எத்தனை அதிசயங்கள் தைத்து வைக்கப்பட்டிருக்கின்றன தெரியுமா? அந்த ஒவ்வொன்றையும் கெடுக்க நம் சலவை அலமாரியிலேயே ஒரு வில்லன் காத்திருக்கிறான் என்பதாவது தெரியுமா?

இங்கே பேசப்போவது துணி ஜாக்கெட் பற்றி மட்டும். தோல் ஜாக்கெட்காரர்கள் மன்னிக்கவும், அது வேறு கதை!

9 கிலோமீட்டர் நூல்!

ஜாக்கெட் வாங்கும்போது கடைக்காரர் "600 டெனியர் சார், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றாரா? நாமும் புரிந்ததுபோல் தலையாட்டினோம்! டெனியர் என்றால் என்ன தெரியுமா? 9,000 மீட்டர் நூலை அளந்து தராசில் வைத்தால் எத்தனை கிராம் வருகிறதோ, அதுதான் டெனியர்! பட்டுப்பூச்சி நூற்கும் ஒற்றை இழை ஏறக்குறைய 1 டெனியர். அதாவது 9 கிலோமீட்டர் நீள இழையின் எடை வெறும் 1 கிராம்! உங்கள் ஜாக்கெட் நூல் அதே நீளத்துக்கு 600 கிராம்!

ஆனால் அந்தத் தடித்த நூல் ஒற்றை இழையல்ல. முடியைவிட மெல்லிய இழைகள் பல சேர்ந்த கற்றை அது. சாலைத் தூசி போய் உட்காருவது அந்த இழைகளுக்கு நடுவில்தான். அதனால்தான் மேலே ஈரத்துணியால் துடைத்தால் 'பளிச்' என்று தெரிகிற ஜாக்கெட்டை வாளியில் அமுக்கியதும் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு மாறுகிறது! துணி தோய்க்கும் கல்லில் அடிக்கலாமா? கூடவே கூடாது! அழுக்கு போகும், அதோடு கோட்டிங்கும் போகும்.

பல் துலக்கும் பிரஷ்ஷுக்கும் ஜாக்கெட்டுக்கும் என்ன உறவு?

நைலான் பிறந்த நாள் எது தெரியுமா? 1935 பிப்ரவரி 28! அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாளரின் குழு அதை உருவாக்கியது. சரி, உலகத்தில் முதன்முதலாகக் கடைக்கு வந்த நைலான் பொருள் எது? பாராசூட்டா? கயிறா? இல்லை, டூத் பிரஷ்! 1938-ல் வந்தது. அதற்கு முன் பிரஷ்களில் இருந்தது என்ன என்று கேட்காதீர்கள். கேட்டுவிட்டீர்களா? பன்றி முடி!

அடுத்து 1940 மே மாதம் பெண்களுக்கான நைலான் காலுறைகள் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தன. முதல் ஆண்டில் விற்றது எவ்வளவு? 6 கோடியே 40 லட்சம் ஜோடி! பிறகு போர் வந்தது. நைலான் முழுவதும் பாராசூட்டுக்கும் கயிறுக்கும் டயருக்கும் போய்விட்டது. போர் முடிந்து காலுறை மறுபடி கடைக்கு வந்தபோது பிட்ஸ்பர்க் நகரில் 13,000 ஜோடிக்காக 40,000 பேர் வரிசையில் நின்றார்கள்! தள்ளுமுள்ளு, கைகலப்பு எல்லாம் நடந்தது! இதில் எதையுமே பார்க்க கரோதர்ஸ் இல்லை. 1937-லேயே அவர் இறந்துவிட்டார்.

இப்போது பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்து ஜாக்கெட்டின் காலரையும் ஜிப்பையும் தேய்க்கிறீர்களே, அங்கே நடப்பது என்ன? குடும்பத்தின் மூத்த அண்ணன் கடைக்குட்டித் தம்பியைக் குளிப்பாட்டுகிறான்!

ரைடர்கள் வாயில் அடிக்கடி வரும் கோர்டுரா என்ற பெயர் நைலானையும் விட மூத்தது என்றால் நம்புவீர்களா? 1929-ல் அது ஒரு ரேயான் நூலின் பெயர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ வண்டிகளின் டயருக்குள் இருந்த சரக்கு அது! பிற்பாடுதான் நைலானுக்கு மாறி, முதுகுப் பைக்கு வந்து, பைக்காரன் முதுகுக்கும் வந்தது.

பைக்குக்கென்றே துணிக் கவசம் தைக்கலாம் என்று கிளம்பிய முன்னோடிகளில் ஒருவர் ஆண்டி கோல்ட்ஃபைன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற குளிர் நகரத்துக்காரர். 1983-ல் ஏரோஸ்டிச் என்ற பெயரில் கோர்டுராவும் மழை புகாத கோர்டெக்ஸ் சவ்வும் சேர்த்துத் தைக்க ஆரம்பித்தார். தோலாடையால் முடியாத எதை அது செய்தது? வாஷிங் மெஷினில் போகும்!

மழை விழுகிறதா, நீங்கள் மோதுகிறீர்களா?

பெரிய மழைத்துளி ஒன்று வானத்திலிருந்து என்ன வேகத்தில் இறங்குகிறது தெரியுமா? விநாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர். மணிக்கு 32 கிலோமீட்டர்தான்! நீங்கள் பைக்கில் 80-ல் போகிறீர்கள், அதாவது விநாடிக்கு 22 மீட்டர். மழை உங்கள் மேல் விழுகிறது என்பதைவிட, நீங்கள்தான் மழையின் மேல் மோதுகிறீர்கள்! நெஞ்சில் அறையும் துளியின் வேகம் கூட்டிக் கழித்தால் மணிக்கு 86 கிலோமீட்டர்! குடைத்துணியை ஜாக்கெட்டாகத் தைத்தால் ஏன் எடுபடாது என்று இப்போது தெரிகிறதா?

அதனால்தான் 'வாட்டர்ப்ரூஃப் 10,000 மி.மீ.' என்று லேபிளில் போடுகிறார்கள். அதன் பொருள் என்ன? அந்தத் துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி வைத்தாலும் ஒழுகாது! ஏறக்குறைய மூன்று மாடி உயரம்!

ஒரு சதுர அங்குலத்தில் 900 கோடி ஓட்டை!

தண்ணீரை உள்ளே விடக்கூடாது, வியர்வை ஆவியை வெளியே விட வேண்டும். முடிகிற காரியமா? முடியும்! எப்படி தெரியுமா?

கதை 1938 ஏப்ரல் 6-ல் ஆரம்பிக்கிறது. ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலாளர் ஒரு வாயு சிலிண்டரைத் திறக்கிறார். வாயு வரவில்லை! தூக்கிப் பார்க்கிறார், எடை மட்டும் குறையவில்லை! சிலிண்டரையே அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று வழவழப்பான மாவு. நம் தோசைக்கல்லில் இன்றைக்கு இருக்கும் டெஃப்லான் அதுதான்!

31 ஆண்டுகள் கழித்து, 1969-ல் பாப் கோர் என்பவர் அதே பொருளின் கம்பியைச் சூடாக்கி மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் உடைந்தது. வெறுத்துப்போய் ஒரே வீச்சில் வெடுக்கென்று இழுத்தார். உடையவில்லை! பல மடங்கு நீண்டது! நீண்ட இடமெல்லாம் நுண் துளைகள். ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை? 900 கோடி! உலக மக்கள் தொகையைவிட அதிகம்! ஒவ்வொரு துளையும் மழைத்துளியைவிட 20,000 மடங்கு சிறியது, ஆனால் நீராவி மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியது. மழை வெளியே, ஆவியும் வெளியே! கோர்டெக்ஸ் பிறந்தது இப்படித்தான். கோபம் வந்து இழுத்த இழுப்பு!

ஆனால் இன்னொரு விஷயம் கேளுங்கள். 1970-களில் வந்த முதல் தலைமுறை கோர்டெக்ஸ் உடைகள் சில நாள் போட்டதும் ஒழுக ஆரம்பித்தன! கிழிந்துவிட்டதா? இல்லை! போட்டவரின் உடம்பு எண்ணெயும் வியர்வைப் பிசுக்கும் துளைகளில் படிந்து, தண்ணீருக்குக் கதவு திறந்துவிட்டன! அழுக்கே மழையை உள்ளே கூப்பிட்டது! பிறகு எண்ணெய் ஒட்டாத ஒரு மெல்லிய அடுக்கை உள்பக்கம் சேர்த்துத்தான் அந்தத் தொல்லையைத் தீர்த்தார்கள். "துவைத்தால் வாட்டர்ப்ரூஃப் போய்விடும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களே நம் நண்பர்கள், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். துவைக்காமல் விட்டால்தான் போகும்!

தாமரை இலைத் தண்ணீர்

நல்ல ஜாக்கெட்டின் மேல் ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதா? அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் சவ்வு இல்லை, வெளித்துணியில் பூசிய நீர்விலக்குப் பூச்சு. தாமரை இலையில் ஏன் தண்ணீர் ஒட்டுவதில்லை என்று நம் ஊர்க் குழந்தைக்கும் கேள்வி வரும். ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லாட் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த இலையைப் பார்த்தபோது மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள் தெரிந்தன! துளி இலையை முழுதாகத் தொடுவதே இல்லை, மேட்டு முனைகளின் மேல் நின்றுகொண்டிருக்கிறது! உருளும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது!

உங்கள் ஜாக்கெட்டில் துளி உருளாமல் துணி ஊறிக் கறுக்கிறதா? உடனே "ஒழுகுது, வேஸ்ட்" என்று முடிவு கட்டாதீர்கள். வெளித்துணி ஊறிவிட்டால் வியர்வை ஆவி வெளியேற வழியில்லை. உள்ளே நனைவது பல நேரம் மழையால் இல்லை, உங்கள் சொந்த வியர்வையால்!

செத்துப்போனதாகத் தெரியும் அந்தப் பூச்சு உயிர்த்தெழும் என்பது தெரியுமா? அழுக்குப் போக அலசி, உலர்த்தி, பிறகு மிதமான சூடு காட்டினால் போதும். லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் சில நிமிஷம். இல்லையா? மேலே ஒரு துண்டை விரித்து, அயர்ன் பாக்ஸை மிகக் குறைந்த சூட்டில் வைத்து ஒரு தடவல். சாய்ந்து கிடந்த பூச்சு மறுபடி நிமிர்ந்து நிற்கும்! அப்படியும் எழவில்லை என்றால்தான் ஸ்ப்ரே வாங்க வேண்டும்.

அயர்ன் பாக்ஸ் என்றதும் ஒரு எச்சரிக்கை. ஒரு வகை நைலான் 220 டிகிரியில் உருகிவிடும். பாலியஸ்டர் 250-ஐத் தாண்டித் தாங்கும். பருத்திக்கு வைக்கிற சூடு எவ்வளவு? 200-ஐத் தொடும்! துணிக்குள் இருக்கும் பசையும் சவ்வும் அதற்கெல்லாம் வெகு முன்னாலேயே கைவிட்டுவிடும். ஓடிவந்த பைக்கின் சைலன்சர் மேல் ஜாக்கெட்டைப் போட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், அவர்கள் ஜாக்கெட்டில் ஓட்டையே சாட்சி!

வாசனை வில்லன்!

சலவை அலமாரியில் இருப்பதிலேயே மோசமான வில்லன் யார் தெரியுமா? ப்ளீச்சா? அதுவும் கெட்டதுதான். எலாஸ்டிக் இழையை அரிக்கும், கெவ்லாரையும் பலவீனமாக்கும். எடைக்கு எடை எஃகைவிட 5 மடங்கு வலுவான, ஸ்டெஃபனி குவோலெக் 1965-ல் கண்டுபிடித்த அதே கெவ்லாரைத்தான்! குண்டு துளைக்காத உடையில் போகிற நாரை ஒரு மூடி ப்ளீச் பதம் பார்த்துவிடும்!

ஆனாலும் முதல் பரிசு அதற்கில்லை. கமகமவென்று மணக்கிற ஃபேப்ரிக் கண்டிஷனருக்குத்தான்! துணியை அது எப்படி மிருதுவாக்குகிறது? இழைகளின் மேல் ஒரு வழவழப் படலத்தைப் படியவிடுகிறது. பனியனுக்கு அது சுகம். ஜாக்கெட்டுக்கு? நீர்விலக்கும் பூச்சை மூடுகிறது, மூச்சுவிடும் வழியை அடைக்கிறது! கல்யாண வீட்டு வாசனையோடு மழையில் தொப்பலாக நனைவீர்கள்!

சலவைப் பவுடர் மட்டும் யோக்கியமா? முழுதாகக் கரையாத துகள் தையலுக்குள் தங்கிவிடும். தண்ணீரை இழுப்பதுதான் சோப்பின் குணம். ஜாக்கெட்டில் மிச்சமிருக்கும் சோப்பு அடுத்த மழையை வா வா என்று அழைக்கும்! அதிலும் நம் ஊர் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் தாராளம். கட்டி சோப்பைக் கரைத்தால் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து நிற்குமே, பார்த்ததில்லையா? மிதமான லிக்விட், அதுவும் குறைவாக. அலசல் மட்டும் தாராளமாக. நுரை முழுக்க நின்ற பிறகும் இன்னொரு தடவை!

கிரீஸ் கறைக்குப் பெட்ரோலா? மெக்கானிக் கடைப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஒட்டிய அடுக்குகளைப் பிரித்துவிடும். தீப்பிடிக்கும் அபாயம் வேறு!

சரி, ஒரு சேதி. காலங்காலமாக இந்த நீர்விலக்குப் பூச்சுகள் ஃப்ளூரின் சேர்ந்த ரசாயனங்களால் ஆனவை. மண்ணில் தண்ணீரில் அழியாமல் கிடப்பதால் இப்போது விரட்டுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2025-லிருந்து துணிகளில் தடை, பிரான்ஸில் 2026-லிருந்து. புதுப் பூச்சுகள் சுற்றுச்சூழலுக்கு நல்லவை. ஆனால் ஒரு வேடிக்கை தெரியுமா? அவை தண்ணீரை விரட்டும், எண்ணெயை விரட்டாது! கழுத்துப் பிசுக்கு சட்டென்று ஒட்டும். ஆகவே புதுசு வாங்கியவர்கள் பழசு வைத்திருப்பவர்களைவிட அடிக்கடி துவைக்க வேண்டும்!

வாஷிங் மெஷின் துள்ளிக் குதிக்குமா?

குதிக்கும்! விளையாட்டில்லை! தண்ணீர் புகாத துணியை மெஷினில் போட்டு வேகமாகச் சுற்றினால், மடிப்புக்குள் தண்ணீர் சிறைப்பட்டுக்கொள்ளும். வெளியேற வழியில்லாத அந்த எடை ஒரு பக்கமாக ஒதுங்கும். அப்புறம் என்ன? டிரம் தடதடவென்று ஆடும்! 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் மேல்மூடி வாஷிங் மெஷின்கள் எத்தனை திரும்பப் பெறப்பட்டன தெரியுமா? ஏறக்குறைய 28 லட்சம்! வேகமான ஸ்பின்னில் மேல்மூடியே கழன்றதாகவும் பயங்கரமாக ஆடியதாகவும் 733 புகார்கள்! ஒருவருக்குத் தாடையே உடைந்தது! கனமான படுக்கை விரிப்பு, தண்ணீர் புகாத துணி போன்றவற்றுக்குக் குறைந்த வேக ஸ்பின்னையே வையுங்கள் என்பதுதான் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை.

ஆக, முன்மூடி மெஷின் இருந்தால் நல்லது. ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பி, 30 டிகிரி, மென்மையான சுற்று, ஸ்பின் இல்லாமலோ மிகக் குறைவாகவோ. நடுவில் தண்டு சுழலும் மேல்மூடி மெஷின் என்றால் அந்த ஆபத்தே வேண்டாம், பெரிய வாளியும் இரண்டு கையும் போதும். முறுக்கிப் பிழியாமல் அமுக்கி எடுங்கள்.

பூச்சி ரத்தம் சிவப்பா?

நெஞ்சில் அடித்துத் தெறித்த பூச்சிகளைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மஞ்சள், பச்சை! ஏன்? பெரும்பாலான பூச்சிகளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் கிடையாது, அதனால் சிவப்பும் கிடையாது! அப்படியானால் சில சமயம் சிவப்பாகத் தெறிக்கிறதே? ஈ என்றால் அது கண்ணின் நிறமி! கொசு என்றால்... அது யாரிடமோ குடித்த ரத்தம்! உங்களுடையதாகக்கூட இருக்கலாம்!

பூச்சிக் கறை புரதம். வெந்நீர் ஊற்றினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இறுகி ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியை மேலே போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள், தானாகக் கழன்று வரும்! புரதக் கறையை என்ஸைம் தின்னும் என்று முதலில் யோசித்து விற்றவர் ஜெர்மனியின் ஓட்டோ ரோம். ஆண்டு 1914. என்ஸைம் எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? விலங்குகளின் கணையத்திலிருந்து! அதே மனிதரின் நிறுவனம்தான் பின்னாளில் பிளெக்சிகிளாஸையும் உலகுக்குக் கொடுத்தது!

பழைய ரைடர்கள் "அந்தக் காலத்துல ஒரு ரவுண்டு போய் வந்தா ஜாக்கெட் முழுக்கப் பூச்சிதான்" என்றால் கதை விடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் 63 பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் 27 ஆண்டுகள் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து எடை போட்டார்கள். 2017-ல் வந்த முடிவு? எடை முக்கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது! துவைக்கும் வேலை குறைந்ததே என்று சந்தோஷப்பட முடியாத கணக்கு.

வியர்வைக்கு வாசனையே கிடையாது!

நம்ப மாட்டீர்கள். உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள்! புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு மணமே இல்லாத மாதிரிதான். அதைத் தின்கிற பாக்டீரியாதான் நாற வைக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரை ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்களுடைய டி-ஷர்ட்டுகளை மோப்பம் பிடிக்கவென்றே ஆட்களை உட்கார வைத்தார்கள்! என்ன வேலையப்பா அது! 2014-ல் வெளியான முடிவு: பருத்தியைவிட பாலியஸ்டர்தான் அதிகம் நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்குப் பாலியஸ்டர் என்றால் கொண்டாட்டம்! உங்கள் ஜாக்கெட்டின் உள்பக்க வலைத்துணி எதனாலானது? பெரும்பாலும் பாலியஸ்டர்! சென்னை வெயிலில் ஓட்டுகிறவர் வெளியே தெரிகிற சேற்றைவிட இந்த உள் லைனரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கழற்ற முடிந்த லைனராக இருந்தால் அதை மட்டும் அடிக்கடி துவைக்கலாம்.

துவைக்கவே சோம்பலா? உங்களுக்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு! சர்வதேச விண்வெளி நிலையத்தில் சலவையே கிடையாது! அழுக்கானதைச் சரக்கு விண்கலத்தில் ஏற்றி விட்டால் பூமியின் காற்று மண்டலத்தில் எரிந்து போகும்! உங்கள் ஜாக்கெட்டின் விலையைப் பார்த்தால் அந்த வழி கட்டுப்படியாகாது.

நாய் கண்டுபிடித்த வெல்க்ரோ!

1941-ல் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் நாயோடு நடந்துவிட்டு வந்தார். நாயின் முடியெல்லாம் முள்ளுக்காய்! நம் ஊரில் வேட்டியில் நாயுருவி ஒட்டினால் திட்டிக்கொண்டே பிய்த்து எறிவோம். அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். குட்டிக் குட்டிக் கொக்கிகள்! 1955-ல் காப்புரிமை! இன்று உங்கள் மணிக்கட்டிலும் இடுப்பிலும் காலரிலும் இருப்பது அதுதான். துவைக்கும்போது திறந்து விட்டால் என்ன ஆகும்? அந்தக் கொக்கிகள் உள் வலைத்துணியைப் பிறாண்டிப் பஞ்சாக்கிவிடும்! எல்லா வெல்க்ரோவையும் ஒட்டி, எல்லா ஜிப்பையும் மூடிய பிறகே தண்ணீர்.

பளபளக்கும் பட்டையில் என்ன இருக்கிறது?

கண்ணாடி! தலைமுடியின் தடிமன்கூட இல்லாத கண்ணாடி மணிகள், ஆயிரக்கணக்கில்! லாரியின் விளக்கு வெளிச்சத்தை வந்த வழியே அந்த டிரைவரின் கண்ணுக்கே திருப்பி அனுப்புவது அவைதான். மேலே சேறு படிந்தால்? பட்டை இருந்தும் இல்லாத மாதிரி! முரட்டு பிரஷ் போட்டால் மணிகளே உதிரும்! ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள்.

கண்ணைக் குத்தும் நியான் மஞ்சளின் கதை இன்னும் விசித்திரம். 1930-களில் அமெரிக்காவில் பாப் ஸ்விட்சர் என்ற இளைஞருக்கு விபத்தில் அடிபட்டுப் பார்வை பாதித்தது. "இருட்டறையில் இரு" என்றார் டாக்டர். இருட்டில் சும்மா இருப்பாரா? அவரும் மந்திரவித்தை காட்டும் தம்பி ஜோவும் புறஊதா விளக்கோடு அப்பாவின் மருந்துக் கடையில் ஒளிரும் ரசாயனங்களைத் தேடினார்கள்! அதிலிருந்து பிறந்ததுதான் ஒளிரும் சாயம்! கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை விழுங்கித் தெரியும் வெளிச்சமாகக் கக்குகிறது! ஆனால் அதே வெயில்தான் அதன் எமனும். மொட்டை மாடிக் கொடியில் உச்சி வெயிலில் காயப்போட்டால் நியான் மஞ்சள் நாளடைவில் பழைய சுண்ணாம்புச் சுவர் நிறத்துக்கு வரும். நைலானுக்கும் வெயில் ஆகாது, வலுவிழக்கும். நிழலில், அகலமான ஹேங்கரில், காற்றாட! அவசரப்பட்டு ஈரத்தோடு பீரோவில் வைத்தாலும் தப்பு. பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் மெல்ல உடைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும்!

மெஷினில் போடவே கூடாத ஜாக்கெட்!

துணிதான், ஆனால் துவைக்கக்கூடாது! அது எது தெரியுமா? மெழுகு ஏற்றிய பருத்தி ஜாக்கெட்! மாலுமிகள் பாய்மரத் துணிக்கு எண்ணெய் பூசியதில் ஆரம்பித்த நுட்பம். இங்கிலாந்தின் பார்பர் நிறுவனம் 1936-ல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கென்று ஒரு மெழுகுடையைக் கொண்டுவந்தது. 1964-ல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த ஆறு நாள் பைக் பந்தயத்தில் அமெரிக்க அணிக்காக ஓட்டிய ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் போட்டிருந்ததும் பார்பர்தான்! சோப்பு பட்டால் மெழுகு போச்சு, மழைத் தடுப்பும் போச்சு! பச்சைத் தண்ணீர், ஸ்பஞ்ச், அவ்வளவுதான்.

ஒரு சலவைக்கு 5 லட்சம் இழை!

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கணக்குப் போட்டார்கள். 6 கிலோ பாலியஸ்டர் துணியை ஒரு முறை மெஷினில் துவைத்தால் தண்ணீரோடு போகும் நுண் இழைகள் ஏறக்குறைய 4,96,000! அக்ரிலிக் என்றால் 7 லட்சத்தைத் தாண்டும்! எல்லாம் பிளாஸ்டிக்! அதற்காகத் துவைக்காமல் இருக்க வேண்டியதில்லை. தெரிந்த அழுக்கை அவ்வப்போது துடைத்துவிட்டு, முழுச் சலவையை சீசனுக்கு ஒன்றிரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டால் ஜாக்கெட்டும் பிழைக்கும், கடலும் கொஞ்சம் பிழைக்கும் என்பது என் கட்சி.

கடைசியாக, மறக்கவே கூடாத ஒன்று!

தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் இருக்கும் ஆர்மரை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? 5 கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அதன் மேல் போடுகிறார்கள்! ஐரோப்பியத் தரத்தில் லெவல் 1 முழங்கை ஆர்மர் என்றால் உள்ளே கடக்கும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. லெவல் 2 என்றால் 20! அந்த 20-கூட 2 டன் எடையின் விசைக்குச் சமம்! சில ஆர்மர்கள் இன்னும் மாயம். மெதுவாக அமுக்கினால் களிமண் மாதிரி வளையும், அடி விழுந்த கணத்தில் இறுகும்!

துணிக்கும் சோதனை உண்டு. டிரிபிள் ஏ என்ற உச்சத் தரம் வேண்டுமென்றால், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமாகத் துணியைச் சுழற்றிக் கான்கிரீட் பலகையின் மேல் இறக்குகிறார்கள்!

ஆர்மரைத் துணியோடு சேர்த்து மெஷினில் போட்டால் மடங்கும், வெடிக்கும், லைனரையும் கிழிக்கும். அதனால் துவைக்கும் முன் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்துத் தனியாகக் காயவைக்க வேண்டும். ஏர்பேக் ஜாக்கெட் என்றால் வாயு கேட்ரிஜைக் கழற்றாமல் தண்ணீர் பக்கமே போகக்கூடாது! எது எந்தப் பையில், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எடுக்கும்போதே போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் துவைத்து மொறுமொறுவென்று காய்ந்து மணக்கும் ஜாக்கெட்டை மறுநாள் காலை அவசரத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களில் பலருடைய ஆர்மர் இன்னும் பால்கனியில் காய்ந்துகொண்டிருக்கிறது! இந்த ஞாயிற்றுக்கிழமை துவையுங்கள். திங்கட்கிழமை சாவியைத் திருப்பும் முன் இரண்டு தோள், இரண்டு முழங்கை, ஒரு முதுகு, ஐந்தையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்!